வீதியை நோக்கிய விளக்கு
நாடுகள் தோறும் யூத மக்களின் திருநாள்கள்

திருநாள் என்பது வீட்டிலே பிறந்து வீதியிலே வளர்வது. அடுக்களையிலே பலகாரம் வேகும்போது தொடங்கும் மகிழ்ச்சி, வாசலைத் தாண்டி அயலவரையும் எட்டும்போதுதான் நிறைவு பெறுகின்றது. தமது நாட்டிலே, தமது தெருவிலே வாழும் மக்கள் இதனைப் பற்றிச் சிந்திப்பதே இல்லை. தமது திருநாளைக் கொண்டாடுவதற்கு அவர்கள் எவரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? ஆனால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரும்பாலும் பிறர் நாடுகளிலே சிறுபான்மையினராய் வாழ்ந்த யூத மக்களுக்கு, "எமது திருநாளை எவ்வளவு தூரம் வெளியே கொண்டாடலாம்?" என்பது ஆண்டு தோறும் எழுந்த கேள்வியாகும். அக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் அளித்த விடையை நோக்கின், அந்நாட்டின் இயல்பும் ஓரளவு நமக்குப் புலப்படும்.

வாசலா, யன்னலா, மேசையா?

யூதர் திருநாள்கள் பலவற்றுள்ளும் இக்கேள்விக்கு மிக நெருங்கியது ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாளாகும். கி. மு. இரண்டாம் நூற்றாண்டிலே அந்தியோக்கு என்னும் கிரேக்க அரசன் ஜெருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூத சமயத்தை ஒழிக்க முற்பட்டான். மக்கபேயர் எனப்பட்ட வீரர்கள் அவனது படைகளை எதிர்த்துப் போராடி, கி. மு. 164 அளவிலே தேவாலயத்தை மீட்டனர். அங்கு ஒரு நாளைக்கு மட்டுமே போதுமான தூய எண்ணெய் இருந்தது என்றும், அது எட்டு நாள் வரை அணையாமல் எரிந்தது என்றும் மரபு கூறுகின்றது. அதன் நினைவாக, பெரும்பாலும் டிசெம்பர் மாதத்திலே வரும் அத்திருநாளில், முதல் நாள் ஒரு சுடர், மறுநாள் இரண்டு என்று எட்டாம் நாள் வரை சுடர்களைப் பெருக்கி ஏற்றுவர்.

இவ்விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு, யூதரின் பழஞ்சட்ட நூலாகிய தல்மூத்திலே விதி உண்டு. வீட்டு வாசலின் வெளிப்புறத்தே வைத்தல் வேண்டும். மேன்மாடியிலே வசிப்பவர் வீதியை நோக்கிய யன்னலிலே வைக்கலாம். ஆபத்துக் காலமாயின், வீட்டினுள்ளே மேசை மீது வைத்தாலே போதும். சந்தைத் தெருவிலே மக்களின் நடமாட்டம் ஓயும் வரை அது எரிய வேண்டும் என்றும் அவ்விதி கூறுகின்றது. இன்னொரு விதியும் உண்டு. அச்சுடர்களின் ஒளியிலே புத்தகம் படிக்கலாகாது. தையல் முதலிய வேலைகளும் செய்யலாகாது. அவ்வொளி பார்ப்பதற்கு மட்டுமே உரியது. எனவேதான் எட்டுச் சுடர்களுக்கும் அருகே, 'ஊழியன்' என்னும் பெயரோடு ஒன்பதாவது சுடர் ஒன்றும் இருக்கும்.

வாசல், யன்னல், மேசை என்னும் இம்மூன்று இடங்களும் யூத வரலாற்றின் மூன்று நிலைகளைக் காட்டும் அளவுகோல் போல அமைந்துவிட்டன. அவ்வளவுகோலைக் கையிலே கொண்டு சில நாடுகளைச் சுற்றிவருவோம்.

ஜேர்மனி: ஒரு புகைப்படத்தின் கதை

வட ஜேர்மனியிலே கீல் என்னும் துறைமுக நகரம் உண்டு. 1931 ஆம் ஆண்டிலே அங்கு யூத குருவாக விளங்கியவர் அகிவா போஸ்னர். அவரது வீட்டுக்கு நேரெதிரே நாஸிக் கட்சியின் காரியாலயம் இருந்தது. அவ்வாண்டு ஹனுக்காவின்போது அவருடைய மனைவியார் ராகேல் போஸ்னர், யன்னலிலே இருந்த எண்கிளை விளக்கைப் புகைப்படம் எடுத்தார். படத்தின் முன்புறத்திலே விளக்கு. யன்னலுக்கு அப்பால், எதிர்க் கட்டடத்திலே தொங்கும் சுவஸ்திகக் கொடி. யூதம் அழியும் என்று கொடி சொல்வதாகவும், யூதம் வாழும் என்று விளக்கு மறுமொழி சொல்வதாகவும் பொருள்பட, படத்தின் பின்புறத்திலே அவர் தம் கையால் எழுதிவைத்தார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டிலேயே போஸ்னர் குடும்பத்தினர் ஜேர்மனியை விட்டு வெளியேறினர். தம் சபையாரையும் வெளியேறுமாறு குருவானவர் வற்புறுத்தினார். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுள் அவ்விளக்கும் ஒன்று. பின்னர் அது ஜெருசலேமிலுள்ள யாட் வஷேம் நினைவகத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டது. எனினும், ஆண்டுதோறும் ஹனுக்காவின்போது அக்குடும்பத்தினர் அதனை இரவல் பெற்று, தம் இல்லத்திலே ஏற்றி, மீண்டும் ஒப்படைப்பது வழக்கமாயிற்று. 2022 டிசெம்பரிலே அவ்விளக்கு ஜேர்மனிக்குத் திரும்பியது. பேர்லினிலே ஜனாதிபதியின் மாளிகையில், ஜனாதிபதி ஸ்ரைன்மையர் முன்னிலையிலே போஸ்னரின் சந்ததியார் அதனை ஏற்றினர்.

பேர்லின் மாநகரிலே பிராண்டன்பேர்க் வாயில் என்னும் பெரிய வளைவு இருக்கின்றது. 1933 ஜனவரி 30 ஆம் நாள் இரவு நாஸிகள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றது அவ்வாயிலின் ஊடாகவே. இக்காலத்தில் ஆண்டுதோறும் அதே வாயிலின் முன்னே மாபெரும் ஹனுக்கா விளக்கு நிறுத்தப்படுகின்றது. 2023 இல் முதற் சுடரை ஏற்றியவர் அப்போது நாட்டின் சான்சலராயிருந்த ஓலாப் ஷொல்ஸ். அங்கே காவலுக்குப் பொலிஸாரும் நிற்கின்றனர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. விளக்கு வாசலுக்கு வந்துவிட்டது. அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

மொஸ்கோ: பாடத் தெரிந்தது போதும்

சோவியத் ஆட்சியிலே விளக்கு மேசைக்குச் சென்றது; பல வீடுகளிலே மேசையிலிருந்தும் மறைந்தது. எபிரேய மொழி கற்பிப்பது தடுக்கப்பட்டது. ஜெபாலயங்கள் பல மூடப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் புதுவருடத் திருநாளிலே, இஸ்ரேலின் முதற் தூதுவராகச் சென்ற கோல்டா மேயர் அம்மையார் மொஸ்கோவின் பெரிய ஜெபாலயத்துக்கு வந்தபோது, எவரும் எதிர்பாராத வகையிலே பல்லாயிரம் மக்கள் வீதியை நிறைத்தனர். அதனையடுத்து வந்த ஆண்டுகள் அந்நாட்டு யூதருக்குக் கொடிய ஆண்டுகளாயின.

ஆயினும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சிம்ஹத் தோரா என்பது, ஆண்டு முழுவதும் ஓதப்பட்ட வேதச் சுருள் முடிவெய்தி, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கும் மகிழ்ச்சித் திருநாள். அன்று சுருள்களை ஏந்தி ஆடுவது மரபு. 1960 களிலே அத்திருநாளின் இரவில், மொஸ்கோ ஜெபாலயத்தின் முன்னுள்ள தெருவிலே ஆயிரக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் ஒன்றுகூடலாயினர். அவர்களிற் பெரும்பாலோர்க்கு ஜெபம் தெரியாது; வேதம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பாடவும், கைகோத்து ஆடவும் எவருக்கும் தெரியும். ஆண்டின் மற்றைய நாள்களிலே தம்மை யூதர் என்று சொல்லத் தயங்கியவர்கள், அந்த ஓர் இரவிலே வீதியில் நின்று அதனை உரக்கப் பாடினர். 1965 இல் அக்காட்சியை நேரிலே கண்ட எழுத்தாளர் எலி வீசல், அந்நாட்டு யூதரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிற்காலத்தில், 1986 இல், அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பூட்டிய கதவுகள் உள்ள நாட்டிலும் ஒரு திருநாள் வீதிக்கு வர வழி கண்டது என்பதே இதிலுள்ள சிறப்பு.

அமெரிக்கா: உரிமையும் வழக்கும்

அமெரிக்காவிலே நிலைமை வேறு. நியூயோர்க் நகரிலே யூதர் தொகையும், யூத ஆசிரியர் தொகையும் பெரிது. புதுவருடத்திலும், யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளிலும் அவர்கள் வேலைக்கு வராவிடின் வகுப்புகளை நடத்துவதே அரிதாகும். 1960 ஆம் ஆண்டு முதல் அந்நகரின் அரசாங்கப் பாடசாலைகள் அந்நாள்களில் மூடப்படலாயின. ஒருவருக்குத் திறந்த கதவு பிறருக்கும் பயன்பட்டது. 2015 இல் முஸ்லிம்களின் பெருநாள்கள் அந்நகரப் பாடசாலை விடுமுறைகளாக அறிவிக்கப்பட்டன. 2023 இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் நம் தீபாவளியும் அவ்வரிசையிலே சேர்ந்தது.

மாணவ வாசகர்கள் விரும்பக்கூடிய நிகழ்ச்சி ஒன்றும் இங்கே கூறத்தக்கது. சாண்டி கோபக்ஸ் என்பவர் 'பேஸ்போல்' ஆட்டத்திலே பந்தெறிவதில் இணையற்ற வீரர். 1965 ஒக்டோபர் 6 ஆம் நாள் அந்நாட்டின் மிகப் பெரிய போட்டித் தொடரின் முதல் ஆட்டம். அன்று யோம் கிப்பூர். கோபக்ஸ் ஆட மறுத்துவிட்டார். அவரது குழு அன்று 8க்கு 2 என்று தோற்றது. எனினும் தொடரின் ஏழாவதும் இறுதியுமான ஆட்டத்திலே கோபக்ஸ் பந்தெறிந்து, எதிரணிக்கு ஒரு புள்ளியேனும் கொடாது வெற்றியைத் தேடித் தந்தார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்திலே ஒருவர் வராதிருந்ததும் ஒரு பகிரங்கக் கொண்டாட்டமே என்று அந்நாட்டு யூதர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

விளக்கு விஷயத்திலோ யூதருக்குள்ளேயே கருத்து வேற்றுமை தோன்றியது. 1974 இல், ஹபாத் என்னும் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குரு ஒருவர், பிலடெல்பியா நகரின் சுதந்திர மண்டபத்தின் முன்னே சிறியதொரு ஹனுக்கா விளக்கை ஏற்றினார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் நடுச் சதுக்கத்திலே பெரிய விளக்கு எழுந்தது. 1979 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், வெள்ளை மாளிகையிலிருந்து நடந்து வந்து, எதிரே நிறுத்தப்பட்டிருந்த விளக்கிலே ஒரு சுடரை ஏற்றினார். ஆனால் யூதச் சங்கங்கள் சில இதனை எதிர்த்தன. "அரசாங்க நிலத்திலே எச்சமயச் சின்னமும் நிற்கலாகாது என்னும் விதியே எம்மைக் காக்கும் அரண். எமது விளக்குக்காக அவ்வரணை நாமே உடைக்கலாமா?" என்பது அவர்களின் வாதம்.

வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. பிற்ஸ்பேர்க் நகரிலே நீதிமன்ற மாளிகையின் படிக்கட்டில் இயேசு பாலன் பிறப்புக் காட்சி வைக்கப்பட்டிருந்தது. மற்றோர் அரசாங்கக் கட்டடத்தின் முன்னே 45 அடி உயரமான நத்தார் மரமும், அதன் அருகே 18 அடி உயரமான ஹனுக்கா விளக்கும் நின்றன. தனித்து நின்ற பிறப்புக் காட்சி சட்டத்துக்கு முரணானது என்றும், மரத்தோடு சேர்ந்து நின்ற விளக்கு முரணாகாது என்றும் 1989 இல் தீர்ப்பு வெளியாயிற்று. மரமும் விளக்கும் சேர்ந்து குளிர்காலப் பண்டிகைப் பருவத்தையே குறிக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணம். விளக்குக்கு வீதியிலே இடம் கிடைத்தது உண்மை. ஆயின் தன் சமயப் பொருளைச் சற்று மறைத்துக்கொண்டே அவ்விடத்தை அது பெற்றது என்று மனம் வருந்தியவர்களும் இருந்தனர்.

சட்டத்தால் கிடைத்த இடத்தைவிட, அயலவரால் கிடைத்த இடம் நெஞ்சைத் தொடுகின்றது. மொன்டானா மாநிலத்திலே பில்லிங்ஸ் என்னும் நகரம். 1993 டிசெம்பரிலே அங்கு ஒரு யூத வீட்டின் யன்னலிலே விளக்கு இருப்பதைக் கண்ட தீயோர், கல்லை எறிந்து கண்ணாடியை உடைத்தனர். அது ஒரு சிறுவனின் படுக்கை அறை. அந்நகரிலே யூதக் குடும்பங்கள் மிகச் சில. உள்ளூர்ப் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்திலே ஹனுக்கா விளக்கின் படத்தை அச்சிட்டு, அதனை வெட்டி யன்னலிலே ஒட்டுமாறு வாசகரைக் கேட்டது. கிறிஸ்தவ ஆலயங்களும் அவ்வாறே வேண்டின. ஆயிரக்கணக்கான வீடுகளின் யன்னல்களிலே விளக்குத் தோன்றியது. எந்த வீடு யூதர் வீடு என்று கல்லெறிபவனுக்குத் தெரியாமற் போயிற்று.

மொன்றியல்: மாடித் தாழ்வாரத்திலே ஒரு பந்தல்

விளக்கோடு நில்லாமல், சுக்கோத் என்னும் கூடாரத் திருநாளையும் பார்ப்போம். எகிப்திலிருந்து மீண்டு வனாந்தரத்திலே அலைந்த காலத்தை நினைந்து, யூதர் வானம் தெரியுமாறு இலை தழை வேய்ந்த பந்தல் அமைத்து, ஏழு நாள் அதிலே உணவருந்துவர். முற்றம் உள்ள ஊரிலே இது எளிது. அடுக்குமாடியிலே குடியிருப்பவர் என் செய்வது?

கனடாவின் மொன்றியல் நகரிலே சில யூதக் குடும்பத்தினர் தம் மாடித் தாழ்வாரங்களிலே பந்தல் கட்டினர். கட்டடத்தின் அழகைக் கெடுக்கின்றது என்று நிர்வாகம் அதனைத் தடுத்தது. எல்லோருக்கும் பொதுவாகத் தோட்டத்திலே ஒரு பந்தல் அமைக்கலாம் என்று சமரசமும் கூறியது. அவர்கள் இணங்கவில்லை. அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2004 இல், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, பந்தல் கட்டியவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒருவரது உண்மையான சமய நம்பிக்கைக்கு அயலவர் சில நாள் பொறுமையால் இடமளித்தல் தகும் என்பதே அதன் சாரம். ஒரே வாக்கினால் கிடைத்த வெற்றி! இத்தகைய விஷயங்களிலே நியாயம் எத்துணை நுண்ணியது என்பதை அது காட்டுகின்றது.

இஸ்ரேல்: பெரும்பான்மையான பின்னர்

யூதரே பெரும்பான்மையினராய் உள்ள நாடு இஸ்ரேல் ஒன்றே. அங்கே திருநாள் எவரிடமும் உத்தரவு கேட்பதில்லை. அரசி எஸ்தர் தம் மக்களைக் காத்த கதையைக் கொண்டாடும் பூரிம் நாளிலே, வேடம் புனைந்து மகிழ்வது மரபு. டெல் அவிவ் நகரம் நிறுவப்பட்டது 1909 இல். மூன்றே ஆண்டுகளில், 1912 இல், அவ்ராஹம் அல்டெமா என்னும் ஆசிரியர் தம் மாணவரை வேடமணிவித்து வீதியிலே ஊர்வலமாக அழைத்துச் சென்றார். அதுவே பின்னர் 'அத்லோயாதா' என்னும் பெரிய பவனியாக வளர்ந்தது. ஹோலோன் முதலிய நகரங்களிலே அலங்கார வண்டிகளோடு இன்றும் அது நடைபெறுவதுண்டு.

பவனிக்கு நேர்மாறானது யோம் கிப்பூர். அன்று நாடே மௌனத்திலே மூழ்கும். விமான நிலையம் மூடப்படும், வானொலி ஓயும், பெருவீதிகளிலே மோட்டார் வண்டி ஒன்றும் ஓடாது. நோன்பு நோற்பவர் ஜெபாலயம் செல்ல, பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் ஏறி வெறுமையான பெருந்தெருக்களிலே சுற்றித் திரிவர். 1973 ஒக்டோபர் 6 ஆம் நாள், அந்த மௌனத்தின் நடுவேதான் யுத்தத்தின் அபாயச் சங்கு ஒலித்தது; ஓய்ந்திருந்த வானொலியும் பேசத் தொடங்கியது.

பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் தத்தம் திருநாள்களையும் உடன் கொணர்ந்தனர். எதியோப்பிய யூதர் யோம் கிப்பூருக்கு ஐம்பது நாள்களின் பின் 'சிக்து' என்னும் நோன்பு நாளிலே மலையுச்சிக்கு ஏறி ஜெபிப்பர். வேத நூலைத் தாங்கிவரும் குருமார் பல வண்ணக் குடைகளின் கீழே நிற்பர். இன்று ஜெருசலேமின் குன்றொன்றின் மீது ஆயிரக்கணக்கானோர் கூடும் இந்நாளை 2008 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தினால் அங்கீகரித்தது.

ஆனால் பெரும்பான்மையோர்க்கு வேறொரு கடமை உண்டு. இஸ்ரேலின் குடிகளிலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் அரபியர். வீதியிலே இடம் கேட்டு நின்றவர்கள், இப்போது வீதியிலே இடம் அளிக்க வேண்டியவர்கள் ஆயினர். அந்தக் கடமை எங்கும் நிறைவேறிற்று என்று எவரும் கூறார். எனினும் ஹைபா நகரிலே, 1990 களில் தொடங்கி, யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து டிசெம்பர் மாதத்திலே 'திருநாள்களின் திருநாள்' என ஒரு விழாவை அரபியர் வாழும் தெருக்களிலே நடத்திவருவது குறிப்பிடத்தக்கது.

மொறொக்கோ: மாவும் தேனும்

அயலவர் துணையின்றித் தொடங்கவே இயலாத திருநாள் ஒன்று உண்டு. பாஸ்காத் திருநாளின்போது யூதர் வீட்டிலே புளித்த மாவோ சாதாரண பாணோ இருத்தலாகாது. ஆகவே அத்திருநாள் முடியும் மாலையிலே வீட்டில் மா இராது. மொறொக்கோ நாட்டிலே அந்த மாலைப் பொழுதில் முஸ்லிம் அயலவர் மாவும், பாலும், வெண்ணெயும், தேனும் கொண்டுவந்து கொடுப்பர். அம்மாவைக் கொண்டு மெல்லிய ரொட்டி சுட்டு, வெண்ணெயும் தேனும் தடவி, வந்தவர் அனைவருக்கும் யூதர் பரிமாறுவர். வீடுகளின் கதவுகள் இரவு முழுவதும் திறந்தே இருக்கும். இதற்கு மிமூனா என்று பெயர்.

1948 அளவிலே அங்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூதர் இருந்தனர். இன்று சில ஆயிரம் பேரே எஞ்சியுள்ளனர். மிமூனா இஸ்ரேலுக்குச் சென்று, பூங்காக்களிலே கொண்டாடப்படும் பெருவிழாவாயிற்று. ஆயினும் மொறொக்கோவிலே நினைவு அழியவில்லை. 2007 இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் மாணவர் சிலர், தம் நாட்டு யூதரின் வரலாற்றைக் கற்பதற்கு ஒரு கழகம் அமைத்து, அதற்கு மிமூனா என்றே பெயரிட்டனர். 2011 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாட்டின் பண்பாட்டை வளப்படுத்திய ஊற்றுகளுள் எபிரேய ஊற்றும் ஒன்று என முன்னுரையிலே கூறுகின்றது. திறந்த கதவுக்கு மறுபுறத்திலே நின்றவர்களும் அத்திருநாளை மறக்கவில்லை.

மீண்டும் ஆபத்துக் காலமா?

அண்மைக் காலச் செய்திகள் சில நெஞ்சை வருத்துவன. 2023 டிசெம்பர் 12 ஆம் நாள் போலந்து நாட்டின் பாராளுமன்றக் கட்டடத்திலே ஏற்றப்பட்டிருந்த ஹனுக்கா விளக்கை, அம்மன்றத்தின் உறுப்பினர் ஒருவரே தீயணைக்கும் கருவியால் அணைத்தார். அவர் கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது.

2025 டிசெம்பர் 14 ஆம் நாள் ஹனுக்காவின் முதல் மாலை. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, பொண்டாய்க் கடற்கரை அருகே குடும்பம் குடும்பமாக மக்கள் கூடியிருந்தபோது, துப்பாக்கி ஏந்திய இருவர் அவர்களைச் சுட்டனர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உட்படப் 15 பேர் உயிரிழந்தனர். சுட்டவருள் ஒருவனிடமிருந்து வெறுங்கையோடு துப்பாக்கியைப் பறித்தவர், சிரியாவிலே பிறந்து அந்நாட்டிலே குடியேறிய ஒரு முஸ்லிம். திருநாளின் எட்டாம் மாலையாகிய டிசெம்பர் 21 அன்று, மக்கள் அதே கடற்கரைக்குத் திரும்பி வந்து கூடினர். நாடெங்கும் வீட்டு யன்னல்களிலே மெழுகுவர்த்தி ஏற்றுமாறு அரசாங்கம் கேட்டுக்கொண்டது.

ஆபத்துக் காலத்திலே மேசை மீது வைத்தால் போதும் என்பது பழைய விதி. அதிலே கோழைத்தனம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் உயிரைக் காக்கும் அறிவே இருக்கின்றது. யன்னலிலே வைப்பதா, மேசையிலே வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவ்வீட்டாரே. ஆனால் அந்த முடிவை அவர்கள் அச்சமின்றிச் செய்யும் நிலையை உண்டாக்குவது, வீதியின் மறுபுறத்திலே வாழ்வோரின் கையில் இருக்கின்றது.

பகல் விளக்கு

இறுதியாக நமக்கு அண்மையிலுள்ள கடற்கரைக்கு வருவோம். கொச்சியிலே மட்டாஞ்சேரி என்னும் இடத்தில், 1568 இல் கட்டப்பட்ட யூத ஜெபாலயம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் அருகே நிற்கின்றது. தொங்கும் கண்ணாடி விளக்குகள் நிறைந்த அம்மண்டபத்திலே சிம்ஹத் தோரா சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. வேதச் சுருள்களை உள்ளே சுற்றிவருவதோடு நில்லாமல், வெளி முற்றத்துக்கும் எடுத்துவந்து வலம்வருவது கொச்சி யூதரின் தனி வழக்கம். 1950 களிலே அவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். இன்று கொச்சியிலே எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. எவரும் துரத்தியதால் அவர்கள் சென்றாரல்லர் என்பது அவ்வூருக்குப் பெருமை.

அந்த ஜெபாலயத்திலே போற்றிக் காக்கப்பட்டவை சில செப்பேடுகள். கி. பி. 1000 அளவிலே சேர நாட்டு மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த உரிமைகள் அவற்றிலே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுபத்திரண்டு உரிமைகள் அவை என்று சாசனம் கூறுகின்றது. குடை, பல்லக்கு, பறை, எக்காளம், தோரணம், நடப்பதற்கு விரிக்கும் பாவாடை என்பனவற்றோடு பகல் விளக்கும் அப்பட்டியலிலே இடம் பெறுகின்றது. பகலிலே விளக்கு எதற்கு? வழி காண்பதற்கு அது வேண்டியதில்லை. இவர்கள் இந்நாட்டிலே மதிப்புடன் வாழ்பவர்கள் என்பதை யாவரும் காண்பதற்கே அது ஏந்தப்பட்டது.

ஹனுக்காச் சுடரின் ஒளியிலே வேலை செய்யலாகாது, அதனைப் பார்க்க மட்டுமே வேண்டும் என்னும் விதியை முன்னரே கண்டோம். யூதரின் விதியும் சேர மன்னனின் சாசனமும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே பொருளைக் கூறுகின்றன. தம் விளக்கைப் பிறர் காணுமாறு ஏற்றும் உரிமை எல்லா மக்களுக்கும் வேண்டியதே. கீல் நகரத்து யன்னலிலே அது மறுக்கப்பட்டது. பில்லிங்ஸ் நகரத்து யன்னல்களிலே அயலவரால் அது காக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அண்டைக் கரையிலே அது செம்பிலே பொறித்துக் கொடுக்கப்பட்டது. நம் தெருவிலே பிறருடைய விளக்கு ஒன்று எரியும்போது, இந்த மூன்று காட்சிகளையும் நாம் நினைத்துப் பார்ப்பது நன்று.